தராசு இல்லாத படங்கள்

தேயிலைப் பெட்டியின் மேல் இருக்கும் அந்தப் பெண்ணை எல்லோருக்கும் தெரியும். தலையில் கயிறு மாட்டி முதுகில் தொங்கவிட்ட கூடை, பின்னால் பனி படிந்த மலை, விரல் நுனியில் இரண்டு இலையும் ஒரு மொட்டும். சிரித்துக்கொண்டிருப்பாள். இலங்கை மலையகத்தில் நூறு வருஷத்துக்கும் மேலாக எடுக்கப்பட்ட கொழுந்துப் படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் உடையும் அச்சின் தெளிவும்தான் மாறியிருக்கும். ஆள் நிற்கும் இடம் மாறியிருக்காது.

அந்த மலையில் ஒரு நாள் வேலை எங்கே முடிகிறது என்று கேட்டால் எந்தத் தொழிலாளியும் செடியைக் காட்டமாட்டார். மடுவத்தைக் காட்டுவார். கொழுந்து நிறுக்கும் இடம் அது. அங்கே தராசு தொங்குகிறது, கணக்கப்பிள்ளை நிற்கிறார், கூடைக்கென்றும் ஈரத்துக்கென்றும் கொஞ்சம் கழிகிறது. மிச்சம் சொன்ன அளவைத் தொட்டால் ஒரு பேர், தொடாவிட்டால் அரைப் பேர். தோட்டத்துப் பேச்சில் பேர் என்றால் ஒரு நாள் சம்பளம். காலையிலிருந்து சரிவில் நின்ற ஒருத்தியின் பேரைப் பாதியாக்குகிற அந்த நிமிஷத்துக்கும் படங்கள் உண்டு. தேடினால் கிடைக்கும். கொழுந்து கிள்ளுகிற படம் தேடாமலே வந்து சேர்கிறது.

வேலையைப் படம் எடுக்கும் வழக்கத்தின்மேல் எனக்கிருக்கும் புகார் இவ்வளவுதான்: கையை அது அருமையாகக் காட்டுகிறது, கணக்கை வெளியே விட்டுவிடுகிறது. ஆனால் புகாரோடு நிறுத்தினால் நன்றி கெட்ட காரியம். கைவேலையைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பாதி இந்தப் படங்கள் சொல்லிக்கொடுத்ததுதான்.

காஞ்சிபுரத்துக் கோர்வையை எடுத்துக்கொள்ளலாம். புடவையின் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம், இரண்டுக்கும் தனித்தனி ஊடை. இரண்டும் சேரும் கோட்டில் ஒன்றை ஒன்று கோத்துப் பிடிக்க வேண்டும். அதற்கு மூன்று நாடா தேவை. நெசவாளர் உடலுக்கான நாடாவையும் ஒரு கரையின் நாடாவையும் எறிவார், மறு கரைக்குப் பக்கத்தில் ஒரு துணை ஆள் உட்கார வேண்டும். இதை நான் எத்தனையோ முறை படித்திருக்கிறேன், ஒருமுறைகூடப் புரிந்ததில்லை. தறிக்கு மேலிருந்து கீழே பார்த்து எடுத்த ஒரே ஒரு படம் புரியவைத்தது. இரண்டு ஜோடிக் கைகள், நடுவில் பாதி நெய்த துணி, ஒரு கை விட்ட நூலை மறு கை வாங்கப்போகும் தறுவாய். எழுத்து ஒரு பக்கம் முழுக்கத் திணறுவதைப் படம் ஒரே பார்வையில் கொடுத்துவிடுகிறது. எந்த விரல் மடங்கியிருக்கிறது, முதுகு எவ்வளவு வளைந்திருக்கிறது, வெளிச்சம் எந்தப் பக்கம் விழுகிறது, தறிக்குழிக்குள் கால் எப்படி இறங்குகிறது என்பதையெல்லாம் நெசவாளரிடம் கேட்டால் சொல்லத் தெரியாது. அவருக்கு அது யோசித்துச் செய்கிற காரியம் அல்ல. படத்துக்குத் தெரியும்.

புகைப்படத்துக்கு முன்னால் இந்த வேலையைச் செதுக்கு ஓவியங்கள் செய்தன. பிரான்சில் திதரோவின் கலைக்களஞ்சியத்துக்கென 1762 முதல் 1772 வரை வந்த படத்தொகுதிகள் மட்டும் 11. குண்டூசி செய்வதிலிருந்து கண்ணாடி ஊதுவதுவரை ஒவ்வொரு படியாக வரைந்திருந்தார்கள். முறை அதில் தெளிவாக இருக்கிறது. ஆனால் அந்தப் பட்டறைகளில் பெரும்பாலும் புகை கிடையாது, கரி கிடையாது, களைத்த முகம் கிடையாது. அழுக்கை உள்ளே விட்டது கேமராதான். அழைக்காமலே அழுக்கு வந்துவிடுகிறது என்பது கேமராவின் பெருமைகளில் ஒன்று.

அதே கேமரா சட்டகத்தை இரண்டடி நகர்த்தினால் என்ன ஆகும்? கோர்வைத் தறியில் துணை ஆள் காணாமல் போவார். பட்டுப் புடவைக் கட்டுரைகளோடு வரும் படங்களில் பெரும்பாலும் ஒரு நெசவாளர்தான் இருப்பார். வயதானவர், மூக்குக்கண்ணாடி, முன்னால் ஜரிகை மின்னும் முந்தி. அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தது பல வீடுகளில் மனைவி, பல காலம் சிறுவர்கள். காஞ்சிபுரம் உட்பட இந்தியப் பட்டுத்தொழிலில் கொத்தடிமையாக இருந்த குழந்தைகளைப் பற்றி ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் 2003இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. முன்பணம் வாங்கிய குடும்பத்துப் பிள்ளை உட்கார்ந்த இடம் பல நேரம் இந்தத் துணை ஆளின் இடம்தான். படம் பொய் சொல்லவில்லை. இரண்டடி குறைவாகச் சொன்னது.

தறிக்கு வருவதற்கு முந்திய வேலைகளின் கதியும் இதுதான். தார் சுற்றுவது, பழைய பாவின் நுனியோடு புதுப் பாவை இழை இழையாகப் பிணைப்பது. சாம்பல் தொட்ட விரலால் இரண்டு இழையைச் சேர்த்து ஒரு திருகு, அடுத்து, மறுபடி அடுத்து, ஆயிரக்கணக்கில். பெரும்பாலும் பெண்கள் செய்கிற, மின்னாத வேலை. விடியற்காலைத் தெருவில் நீள விரித்த பாவுக்கு இருக்கும் படக்கவர்ச்சி இதற்கு இல்லை.

சுவாமிமலையிலும் பாருங்கள். ஐம்பொன் சிலை என்றால் உருகிய உலோகத்தைச் சிவக்கச் சிவக்க ஊற்றும் படம்தான். ஊற்றுவது நிமிஷக் கணக்கு. குங்கிலியம் சேர்த்த மெழுகில் உருப் பிடிப்பதும், அதன்மேல் காவிரி வண்டலைப் பூசிக் காயவைத்துப் பூசுவதும், வார்த்த பிறகு உளியும் அரமுமாக உட்காருவதும் வாரக் கணக்கு, மாதக் கணக்கு. உலோகம் ஒரு விரலுக்குள் ஓடாமல் நின்றுவிட்டால் மெழுகும் போயிற்று, மண்ணும் போயிற்று, முதலிலிருந்து தொடங்க வேண்டும். அச்சு ஒரே வார்ப்புக்குத்தான். பிசகிய வார்ப்பை உடைத்துப் போடும் ஸ்தபதியின் படம் எத்தனை பார்த்திருக்கிறோம்? நஷ்டம் படத்துக்கு அழகில்லை.

படம் ஒரு நொடியைத்தான் பிடிக்கும், வேலையோ காலத்தில் ஓடுவது, அதனால் இது ஊடகத்தின் எல்லை என்று சமாதானம் சொல்வதுண்டு. முழு உண்மை அல்ல. அந்த எல்லையை 1910களிலேயே ஒருவர் தாண்டிக் காட்டினார். அமெரிக்காவின் ஃபிராங்க் கில்பிரெத், கொத்தனார் வேலை பழகி மேலே வந்தவர். மனைவி லில்லியனோடு சேர்ந்து தொழிலாளியின் விரலில் சிறு மின்விளக்கைக் கட்டி, கேமராவைத் திறந்தே வைத்துப் படம் எடுத்தார். படத்தில் ஆள் மங்கிப்போவார். கை போன வழி மட்டும் ஒளிக்கோடாக நிற்கும். ஒரு முழுச் செயல், தொடக்கம் முதல் முடிவு வரை, ஒரே படத்தில்! பார்க்க அழகாகவும் இருக்கும். நோக்கம் என்னவென்றால் வீண் அசைவைக் கண்டுபிடித்துக் கழிப்பது. களைப்பைக் குறைப்பதற்கே என்று கில்பிரெத் தம்பதி நம்பினார்கள். குறைந்த அசைவுக்கு ஈடாகக் கூடுதல் செங்கல் கேட்கப்படும் என்பது தொழிலாளிக்குத் தெரிந்திருக்கும். ஆக, வேலையின் ஓட்டத்தையும் கணக்கையும் சேர்த்துப் பிடித்த படம் இருக்கவே செய்தது. ஆனால் அது மேலாளரின் கணக்கு.

நம் பக்கத்து வரலாறு வேறு வகை. 1868 முதல் 1875 வரை எட்டுத் தொகுதிகளாக வந்த ‘பீப்பிள் ஆஃப் இந்தியா’வுக்கும், எட்கர் தர்ஸ்டன் 1909இல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள் பற்றிய நூலுக்கும் தொழில் என்பது சாதியின் அடையாளம். அதே காலத்து அஞ்சலட்டைகளில் குயவரும் நாவிதரும் கையில் கருவியோடு ஆடாமல் நிற்பார்கள், சிலர் பின்னால் ஸ்டுடியோத் திரையோடு. கருவி இருக்கும், ஆள் இருப்பார், வேலை மட்டும் இருக்காது. இவற்றைச் சீக்கிரம் கடந்துபோகலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் இன்று விடியற்காலையில் உப்பளத்துக்குக் கேமராவோடு கூட்டமாகப் போய், “அம்மா, அந்தக் கூடையைத் தூக்கிட்டு இன்னொருவாட்டி இந்தப் பக்கமா நடங்க” என்று கேட்பதற்கும் அதற்கும் எவ்வளவு தூரம்? இன்னொருவாட்டி நடப்பதற்கு யார் கூலி?

இந்தக் கேள்விக்கு இலங்கையின் தென்கரை விசித்திரமான விடை கொடுத்தது. கடலுக்குள் நட்ட கம்பின்மேல் உட்கார்ந்து தூண்டில் போடும் மீனவர்களைப் புகைப்படக்காரர் ஸ்டீவ் மெக்கரி 1995இல் வெலிகமவில் எடுத்த படம் உலகம் சுற்றியது. இன்று கொக்கல பக்கம் போனால் கம்பில் ஆள் உட்கார்ந்திருப்பார், தூண்டிலும் இருக்கும். பெரும்பாலும் மீனுக்காக அல்ல, நமக்காக. படத்துக்குக் காசு. மியான்மரின் இன்லே ஏரியில் ஒற்றைக் காலில் துடுப்பைச் சுற்றிக்கொண்டு கூம்புக்கூடையைத் தூக்கிக் காட்டுபவரும் அப்படியே. போலி என்று முகம் சுளிப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. மீனைவிடப் படம் கூடுதலாகத் தருமானால் கம்பில் ஏறுவதுதான் புத்திசாலித்தனம். சொல்லப்போனால் தராசு வெளிப்படையாகத் தெரிகிற இடம் இது ஒன்றுதான். இத்தனை படத்துக்கு இத்தனை ரூபாய். கெட்டுப்போனது ஆவணம் மட்டும். ஐம்பது வருஷம் கழித்து இதைப் பார்ப்பவர் மீன்பிடி முறை என்று எழுதிவைப்பார்.

படத்தோடு எழுத்து சேரும்போதுதான் நிலைமை மாறுகிறது. ஜெர்மனியின் குரூப் ஆலையைப் படம் எடுத்தால் அந்த ஆலையைப் பற்றி ஏறக்குறைய ஒன்றும் தெரியவராது என்று நாடகாசிரியர் பிரெக்ட் சொன்னதை விமர்சகர் வால்ட்டர் பெஞ்சமின் 1931இல் எடுத்துக்காட்டினார். அதற்கு இருபது வருஷம் முன்பே விடை கண்டிருந்தவர் புகைப்படக்காரர் லூயிஸ் ஹைன். அமெரிக்கத் தேசியக் குழந்தைத் தொழிலாளர் குழுவுக்காக 1908 முதல் பஞ்சாலைகளிலும் சுரங்கங்களிலும் நுழைந்து எடுத்தார். உள்ளே விடமாட்டார்கள் என்பதால் இயந்திரத்தைப் படம் எடுக்க வந்தவர்போலவும் பைபிள் விற்பவர்போலவும் போவார். பிள்ளையின் உயரத்தைத் தன் சட்டைப் பொத்தான்களை வைத்து மனத்துக்குள் அளந்து, பைக்குள்ளேயே குறிப்பு எழுதுவார். தெற்குக் கரோலினாவின் ஒரு பஞ்சாலையில், நீண்டு போகும் நூற்பு இயந்திர வரிசைக்கு எதிரே ஒரு சிறுமி. பார்த்தவுடன் மனத்தைத் தொடும் படம். ஆனால் அந்தப் படத்தை ஆதாரமாக்குவது கீழே இருக்கும் குறிப்பு: 48 அங்குல உயரம், ஆறு மாதமாக வேலை. குறிப்பை எடுத்துவிட்டால் சுவரில் மாட்டலாம். குறிப்போடு இருந்தால் சட்டமன்றத்தில் வைக்கலாம்.

வேடிக்கை என்னவென்றால் ஹைனின் பெயரைச் சொன்னால் பலர் நினைவுக்கு வருவது 1920இல் எடுத்த வேறொரு படம். மின்நிலைய நீராவி எந்திரத்தின் வளைவுக்கு ஒத்து முதுகை வளைத்து, ஸ்பானரோடு நிற்கும் கட்டுடல் தொழிலாளி. நிற்கவைத்து எடுத்தது. அதில் கூலி இல்லை, மணிநேரம் இல்லை. போஸ்டருக்குப் பொருத்தமாக இருந்ததால் அது ஓடியது.

பிரேசில் புகைப்படக்காரர் செபஸ்தியாவோ சல்காடோவிடம் இந்தப் பிளவு இன்னும் கூர்மை. பொருளாதாரம் படித்து, சர்வதேசக் காப்பி அமைப்பில் வேலை பார்த்தவர். கணக்குத் தெரியாதவர் என்று யாரும் சொல்லமுடியாது. 1986இல் பிரேசிலின் செர்ரா பெலாதா தங்கச் சுரங்கத்தில், மண் மூட்டையோடு ஏணியில் ஏறும் ஆயிரக்கணக்கான ஆட்களை எடுத்தார். தன்பாத் நிலக்கரித் தொழிலாளர்களும் 1993இல் வந்த அவருடைய ‘தொழிலாளர்கள்’ நூலில் இருக்கிறார்கள். தடிமனான புத்தகம், பக்கத்தை நிறைக்கும் கறுப்பு வெள்ளைப் படங்கள். விளக்கக் குறிப்புகள்? தனிச் சிறு ஏடாகப் பின்னால் செருகப்பட்டிருக்கும். படம் பிரமிக்கவைக்கிறது, மறுக்கமாட்டேன். ஆனால் எத்தனை பேர் அந்த ஏட்டைக் கையில் எடுத்திருப்பார்கள்? நூலகப் பிரதி ஒன்றில் அந்த ஏடே இல்லாமல் பார்த்திருக்கிறேன். யாரும் தேடியதாகத் தெரியவில்லை.

பத்திரிகையாளர் பி. சாய்நாத் 1993 முதல் 2002 வரை பத்து மாநிலங்களில் எடுத்த உழைக்கும் பெண்களின் படங்களைக் கண்காட்சியாக்கியபோது படமும் எழுத்தும் ஒரே பலகையில் இருந்தன. பேருந்து நிலையத்திலும் சந்தையிலும்கூட வைத்தார். படத்தில் இருப்பவர்களைப் போன்றவர்களே நின்று பார்த்தார்கள். படமாக மட்டும் எடைபோட்டால் அவற்றில் பல சல்காடோவின் பக்கத்தில் நிற்காது. வேலையின் ஆவணமாக எடைபோட்டால் எனக்குச் சந்தேகமே இல்லை.

எம். பழனிகுமாரிடம் இரண்டும் கூடிவரும் தருணங்கள் உண்டு. 2017இல் வந்த ‘கக்கூஸ்’ ஆவணப்படத்துக்கு ஒளிப்பதிவு செய்தவர். ராமநாதபுரம் கடலில் பாசி எடுக்கும் பெண்களைத் தண்ணீருக்குள்ளேயே போய் எடுத்திருக்கிறார். விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, மூச்சைப் பிடித்துப் பாறைக்கு இறங்குகிறார்கள். கரையில் நின்று எடுத்தால் தலைகள் மட்டும் மிதந்திருக்கும். அந்தத் துணிச்சுற்று ஏன் என்பதைப் பாறையின் விளிம்பு சொல்லிவிடுகிறது. அவர் தாயார் மீன் விற்றவர் என்பது இதில் தற்செயல் அல்ல என்று நினைக்கிறேன். எங்கே பார்க்கவேண்டும் என்பது வீட்டிலேயே தெரிந்திருக்கிறது.

எனக்கு அது தெரிந்திருக்கவில்லை. சில வருஷங்களுக்கு முன் காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையத்தில் ஒரு தறிவீட்டில் அரை நாள் உட்கார்ந்து எடுத்தேன். கோர்வைக் கோட்டை மிக அருகில் போய் எடுத்த ஒரு படத்தின்மேல் எனக்கு ரொம்பப் பெருமை. மஞ்சளும் அரக்கும் சேரும் இடம், மேலே ஒரு கட்டைவிரல், நகத்தில் ஒட்டிய ஜரிகைத் தூள்கூடத் தெரியும். பெரிதாக அச்சுப்போட்டு எடுத்துப்போய் அந்த நெசவாளரிடம் கொடுத்தேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். தன் விரலை அல்ல. படத்தின் மூலையில் நகத்தால் ஒரு இடத்தைத் தொட்டார்.

“இங்க ரெண்டு இழை விட்டுப்போயிருக்கு சார். அன்னைக்கு எங்க கண்ணுக்கே தெரியல, பாருங்க.”

நன்றாகத்தானே இருக்கிறது என்றேன்.

“நல்லாத்தான் இருக்கு. எங்க மொதலாளி பாத்தா கூலில புடிச்சுடுவாரு. சேலை போயி சேர்ந்துடுச்சு, இதுவரைக்கும் ஒண்ணும் கேக்கல. இந்தப் படத்த பேப்பர்ல கீப்பர்ல போட்றாதீங்க.”

உள்ளே பார்த்து மனைவியைக் கூப்பிட்டார். அவர் வந்து, தான் உட்காரும் பக்கம் படத்தில் இல்லை என்பதைப் பற்றி ஒன்றும் சொல்லாமல், அதே மூலையைத்தான் பார்த்தார்.