பள்ளிக்கூடத்துக்கு எழுதிய கல்வெட்டு

யாழ்ப்பாணத்தில் ஒருவர் இறந்து முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குப் போனால், கையில் ஒரு சிறு நூலைத் தருவார்கள். அதற்குக் கல்வெட்டு என்று பெயர். இறந்தவரின் வம்சம், படிப்பு, உத்தியோகம், நற்குணங்கள் எல்லாம் அதில் இருக்கும். குறை மட்டும் இராது. இழந்த பள்ளிக்கூடத்துக்காகப் பழைய மாணவர்கள் வெளியிடும் மலர்களும் பெரும்பாலும் இதே அச்சில் வார்த்தவை. வாழ்த்துச் செய்திகள், அதிபர்களின் படவரிசை, பரீட்சைப் பெறுபேறுகள், கடைசியில் நன்றியுரை.

யாழ்ப்பாணத்தின் வடகரையிலுள்ள மயிலிட்டிக்கு இப்படியொரு நினைவுப் பணி வெறும் ஆசையால் வந்ததல்ல. 1990 ஜூன் நடுப்பகுதியில் போரால் ஊரே இடம்பெயர்ந்தது. பலாலி, காங்கேசன்துறையைச் சுற்றி இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயம் விழுந்தது. துறைமுகத்தோடு 54 ஏக்கர் நிலம் 2017 ஜூலை 3 அன்றுதான் திரும்பக் கிடைத்தது. ஊரின் கலைமகள் வித்தியாலயம் விடுபட இன்னும் ஓர் ஆண்டு பிடித்தது. திரும்பிப் போனவர்கள் கண்டது பற்றைக்காட்டையும் கூரையற்ற சுவர்களையும். பல கட்டடங்களுக்கு அத்திவாரம்தான் அடையாளம்.

இருபத்தேழு ஆண்டுகள் ஒருவரும் கிட்டப் போய்ப் படமெடுக்க முடியாத ஊரில், அல்பத்தில் தப்பிய ஒரு வகுப்புப் படம்கூட ஆவணந்தான். இடம்பெயர்ந்தோருக்கான கோணாப்புலம் முகாமில் இருந்தவரையும் பாரிஸில் இருந்தவரையும் ஒரே ஊரவராக வைத்திருந்ததில் பழைய மாணவர் கூடல்களுக்குப் பங்குண்டு. இந்த நன்மையைக் குறைத்து மதிப்பிடுவது அநியாயம்.

ஆனால் யாருடைய நினைவு அச்சேறுகிறது? மலருக்குக் காசு வெளிநாட்டிலிருந்து வருகிறது. எழுதுகிறவர் பெரும்பாலும் படித்து உத்தியோகம் பார்த்தவர். மயிலிட்டியோ மீன்பிடித் துறை. ஐந்தாம் வகுப்போடு வள்ளம் ஏறிய பையனுக்கும், பெரியபிள்ளையானதும் மறிக்கப்பட்ட பெண்ணுக்கும் சொல்ல வேறு பள்ளிக்கூடம் இருக்கும். அடிவாங்கிய கதையைப் பகிடியாகச் சொல்லும் மலர், சாதி பார்த்து இருக்கை தந்த காலத்தைப் பற்றி வாய் திறக்காது.

இன்னொரு குறை புதுக் கட்டடத்தின் மேல் உள்ள மோகம். யாழ் பொது நூலகம் 1981இல் எரிந்தது. ஏறத்தாழ 97,000 நூல்கள் போயின. எரிந்த சுவர்களை அப்படியே நினைவுச் சின்னமாக விடவேண்டும் என்று ஒரு தரப்பு வாதாடியது. அது எடுபடவில்லை. இன்று அந்த வெள்ளைக் கட்டடத்தின் முன்னே நிற்கும் பிள்ளைக்கு, நெருப்பைப் பற்றிச் சுவர் ஒன்றும் சொல்லாது. பள்ளிக்கூடங்களிலும் இதுவே நடக்கிறது: பழைய அத்திவாரத்தின் மேல் மாடிக் கட்டடம், வாசலில் கொடையாளர் பெயருடன் சலவைக்கல். பிள்ளைகளுக்கு வகுப்பறை வேண்டும், மறுக்க முடியாது. பழைய மண்டபம் நின்ற எல்லையைக் காட்டி நான்கு கல் நடுவதற்கு என்ன பெரிய செலவு?

வேறு வழி இருக்கிறது என்பதற்கு ஓவியர் தா. சனாதனன் சாட்சி. இடம்பெயர்ந்தவர்களிடம் போய், இழந்த வீட்டின் நிலப்படத்தை ஞாபகத்திலிருந்து கீறச் சொன்னார். அவர்கள் கீறியதைக் கட்டடக் கலைஞரின் வரைபடத்தோடும் தன் ஓவியத்தோடும் சேர்த்து 2011இல் நூலாக்கினார். முடிவுறாத தோம்பு, அதாவது முடிவுறாத காணிப் பதிவேடு, என்பது அதன் தலைப்பின் பொருள். கிணறு எங்கே, வாசல் எந்தப் பக்கம், எது மறந்துபோனது என்று கோடுகளே சொல்கின்றன. புகழுரைக்கு அங்கே இடமே இல்லை.

கல்வெட்டையும் ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. நூலகம் நிறுவனம் 2005 முதல் மின்வடிவில் சேமித்துவரும் ஆவணங்களில் அவையும் உண்டு. குடும்ப வரலாறு தேடுபவருக்கு அவற்றிலுள்ள பெயரும் ஆண்டும் உதவுகின்றன. ஆகவே மலர் போடட்டும். அடுத்த மலரில் வாழ்த்துச் செய்திக்கு ஒதுக்கும் பக்கங்களில் பாதியை வெறுமையாக விட்டு, ஒரு பென்சிலோடு முகாமில் வாழ்ந்த பழைய மாணவர்களிடம் கொண்டுபோய்க் கொடுங்கள். 1990இல் ஆண்டு பத்தில் இருந்தவர்களுக்கே இப்போது ஐம்பது ஆகிவிட்டது.