கூவியது உப்பு, கவனம் போனது கண்ணுக்கு

ரீச், வைரல், டிரெண்டிங். பொதுக் கவனத்தைப் பற்றி நாம் இன்று பேசும் சொற்கள் எல்லாமே ஒரு விஷயம் எவ்வளவு தூரம் போனது என்பதைத்தான் அளக்கின்றன. போன இடத்தில் என்ன கேட்டது என்று சொல்வதில்லை.

அகநானூற்றின் 140-ஆம் பாடல் இந்த இடத்தில் உதவும். எழுதியவர் அம்மூவனார். உமணர் மகள் ஒருத்தி தெருவில் உப்பின் விலையைக் கூவி விற்கிறாள். அதுதான் அவளுடைய விளம்பரம். பழக்கமில்லாத குரல் கேட்டு நாய் குரைக்கிறது, அவள் மிரள்கிறாள். பார்த்துக்கொண்டிருக்கும் தலைவனுக்கு அந்தக் கண்கள் மட்டும் போதும். சேற்றில் புதைந்த உப்பு வண்டியை இழுக்கும் அவள் அப்பாவின் மாடுகூட அவனுடைய காதல் பெருமூச்சுக்கு உவமையாகிவிடுகிறது. அற்புதமான பாட்டு, சந்தேகமில்லை. ஆனால் ஒரு குடும்பத்தின் மொத்த உழைப்பும் பார்ப்பவனின் உணர்ச்சிக்குச் சரக்காகிறது. அவள் சொன்ன விலை அவன் காதில் விழுந்தாலும் அவன் மனம் அவள் கண்ணில்தான்.

மரக்காணத்துக்கும் இதுதான் நடக்கிறது. ஈ.சி.ஆரில் போகிறவர்கள் வண்டியை நிறுத்தி உப்புக் குவியலோடு படம் எடுக்கிறார்கள், வானம் பாத்தியில் அழகாக விழுகிறது. 2023 மே மாதம் பக்கத்து மீனவ ஊரான எக்கியார்குப்பத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 14 பேர் இறந்தார்கள். மரக்காணம் என்ற பெயரே தலைப்புச் செய்தியானது. ஊர் வாய்க்குள் முணுமுணுத்தால் அம்பல், வெளிப்படையாகப் பேசினால் அலர் என்பார்கள் நெய்தல் புலவர்கள். பேசப்படுகிறவர் கேட்டு வாங்குவதல்ல அலர். அது வந்து விழுவது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60 பேருக்கு மேல் செத்தபோது அலர் அங்கே நகர்ந்துவிட்டது.

'கவனி' என்ற நம்முடைய சாதாரணச் சொல்லில் இதற்கு ஒரு எதிர்வாதம் இருக்கிறது. 'இங்க கவனி' என்றால் பார். 'அம்மாவைக் கவனிச்சுக்கோ' என்றால் பொறுப்பெடுத்துக்கொள். 'ஆளைக் கவனிச்சாத்தான் ஃபைல் நகரும்' என்றால் காசு. பார்த்தவன் ஏதோ ஒன்றைக் கொடுத்தாக வேண்டும் என்று அந்தச் சொல்லுக்கே தெரியும். 'ரீச்' என்ற சொல்லுக்கு அது தெரியாது.

அடுத்த முறை உப்பளம் பற்றி ஒரு கட்டுரையோ ரீலோ கண்ணில் பட்டால் ஒன்றை மட்டும் தேடிப் பாருங்கள்: பாத்தியில் நிற்பவரின் இன்றைய கூலி எவ்வளவு என்று அதில் இருக்கிறதா?