கண்டி ஒப்பந்தம் கூறாதவை

1815 ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 2 ஆம் நாள், கண்டி அரண்மனையின் சபா மண்டபத்தில் வாசிக்கப்பட்ட ஒப்பந்தத்தை வரலாறு பயில்வோர் யாவரும் அறிவர். எனினும் பெரும்பாலோர் அதனை விதிகளின் தொகுதியாகவே கற்பர். மனனஞ் செய்து பரீட்சையில் ஒப்புவிப்பர். ஒரு நோக்கத்தோடு எழுதப்பட்ட நூலாக அதனை வாசிப்போர் மிகச் சிலர். அங்ஙனம் வாசிப்பின், அது சொல்லியவற்றினும் சொல்லாது விடுத்தனவே ஆராயற்பாலன என்பது புலனாகும்.

ஸ்ரீ விக்கிரமராசசிங்கன் கொடுங்கோலன். அவன் கொடுமையினின்றும் குடிகளை மீட்கவே ஆங்கிலேயர் வந்தனர். இதுவே ஒப்பந்தம் காட்டும் கதை. கொடுமை பொய்யன்று. 1814 இல் எகெலப்பொலையின் மனைவியும் மக்களும் கொல்லப்பட்டமை மறுக்கொணாதது. ஆயின் கண்டிமீது ஆங்கிலேயர்க்கிருந்த நாட்டம் அக்கொலைக்கு அரை நூற்றாண்டு முந்தியது; 1762 இலேயே சென்னையிலிருந்து பைபசு என்பார் கண்டிக்குத் தூது வந்தார்.

ஒப்பந்தத்தில் ஐரோப்பாவைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. 1782 இல் பிரெஞ்சுக் கடற்படைத் தலைவன் சுப்ரேன் திரிகோணமலையைக் கைப்பற்றியதை ஆங்கிலேயர் மறந்திலர். 1795 இல் பிரெஞ்சுப் படை ஒல்லாந்தினுட் புகவே, அந்நாட்டுத் தலைவன் இங்கிலாந்துக்கு ஓடி, ஒல்லாந்தர் குடியேற்றங்கள் ஆங்கிலேயரை ஏற்கவேண்டுமெனக் கியூ என்னும் இடத்திலிருந்து கடிதம் வரைந்தான். அவ்வாண்டே திரிகோணமலையும், 1796 பெப்ரவரியிற் கொழும்பும் கைமாறின. 1802 இல் ஆமியன்சு உடன்படிக்கை அதனை உறுதிப்படுத்திற்று. 1803 இல் தேசாதிபதி நோர்த்து கண்டிக்கு அனுப்பிய படை, காய்ச்சலால் நலிந்து சூன் மாதத்தில் அழிந்தது. அதற்கு முந்திய மாதத்திலேதான் ஐரோப்பாவிற் போர் மீண்டும் மூண்டிருந்தது. கண்டி பின்னும் பதினோராண்டு தனியரசாய் நின்றமைக்கு மலையரணோடு நெப்போலியனும் ஒரு காரணமெனல் மிகையாகாது.

1814 ஏப்பிரலில் அவன் முடிதுறந்தான். 1815 சனவரியிற் படை கண்டிமேற் சென்றது. துணிந்தவன் தேசாதிபதி பிரௌன்றிக்கே எனினும், அத்துணிவிற்கு இடந்தந்தது ஐரோப்பிய அமைதியாகும். ஒப்பந்தம் வாசிக்கப்பட்டதற்கு முதனாள், எல்பாத் தீவினின்றும் தப்பிய நெப்போலியன் பிரான்சின் தென்கரையில் இறங்கினான்! ஓராண்டு முன்னரே இறங்கியிருப்பின் யாதாகும் என வினவுதல் வரலாற்றாசிரியர் தொழிலன்று, மாணவர் வினவாதிரார்.

மற்றொரு மௌனம் இதனினும் நுட்பமானது. மன்னன் மரபை ‘மலபார்’ மரபென அந்நியமாக்கும் அதே ஒப்பந்தம், ஐந்தாம் விதியிற் பௌத்த சமயத்தைப் பேணுவதாக உறுதி கூறுகின்றது. பௌத்தத்தை அந்நாட்டில் மீண்டும் நிலைபெறச் செய்தவன் யாவன்? 1739 இல் அரியணையேறிய நாயக்கர் மரபில் வந்த கீர்த்தி ஸ்ரீ இராசசிங்கனே. துறவியர் பரம்பரை அற்றிருந்த காலத்து, 1753 இற் சீயத்துத் தேரர்களைக் கொண்டு உபசம்பதையை மீள நிறுவியது அவன் ஆட்சியிலன்றோ? ஒப்பந்தத்தை வரைந்தோர் இதனை அறியாதாரல்லர். அறிந்தே விடுத்தனர் எனக் கொள்வதே பொருத்தம். மதுரைத் தொடர்புடைய, தெலுங்கு வழிவந்த அரசரைத் தமிழரோடு ஒருங்கே அடக்கிய ‘மலபார்’ என்னுஞ் சொல், பிரதானிகளின் மனக்குறைக்கும் ஆங்கிலேயர் ஆவலுக்கும் ஒருசேரப் பயன்பட்டது.

மூன்றாம் விதி, வெளியேற்றப்பட்ட மலபார் ஆடவர் அனுமதியின்றித் திரும்புதலைத் தடுத்தது. 1820களில் வீதி சமைந்தது. பேராதனைக்கு அண்மையில் கன்னொறுவையிற் கோப்பி நடப்பட்டது. 1833 இல் அடிமைமுறையை ஒழிக்கும் சட்டம் நிறைவேறியபின் மேற்கிந்தியத் தீவுகளின் கோப்பி விளைவு குன்ற, இலங்கைக் கோப்பிக்கு இலண்டனிற் கேள்வி மிகுந்தது. தென்னிந்தியத் தொழிலாளர் ஆயிரக்கணக்கில் அம்மலைநாட்டுக்குக் கொண்டுவரப்பட்டனர். அவர்களை ‘மலபார்க் கூலிகள்’ என்றே அக்கால ஆங்கில ஏடுகள் குறித்தன.