வேற்றுமையும் வழக்கும்: ‘கேஸ்’ என்னும் சொல்லும் கல்முனைக் கரையின் வீட்டுரிமையும்

ஆங்கிலத்தில் ‘கேஸ்’ என்னும் சொல் இலக்கணத்தாரிடம் ஒரு பொருளையும் சட்டத்தாரிடம் மற்றொரு பொருளையும் உடையது. முன்னவர் அதனாற் சுட்டுவது பெயர்ச்சொல் உருபேற்றுப் பொருள் வேறுபடுதலை. பின்னவர் சுட்டுவது மன்றில் தீர்க்கப்படவேண்டிய பிணக்கை. இரு பொருளும் வீழ்தல் எனப் பொருள்படும் ‘காசுஸ்’ என்னும் இலத்தீன் சொல்வழி வந்தவை. பெயரின் திரிபை ஒரு வீழ்ச்சியாகக் கண்டவர் கிரேக்க இலக்கணத்தார். அதனை உரோமர் தம் மொழியிற் பெயர்த்தனர். மனிதர்க்கு வந்து நேர்ந்தது என்ற கருத்திலிருந்து சட்டப்பொருள் கிளைத்தது. பெட்டியைக் குறிக்கும் ‘கேஸ்’ வேறு பிறப்புடைய சொல்லாதலின் அது நம் ஆய்வுக்குரியதன்று.

தமிழில் இவ்விரு பொருளுக்கும் வேற்றுமை, வழக்கு என இருவேறு சொற்கள் உள. கல்முனைக்கு அண்மையிலுள்ள காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகள் 1936இல் சென்னையில் நடைபெற்ற சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர். அக்காலந் தொட்டு வளர்ந்த கலைச்சொல்லாக்க மரபு, பொருள் வேறாயின் சொல்லும் வேறாதல் வேண்டும் என்பதையே பெரிதும் போற்றியது. அது தெளிவுக்குத் துணைசெய்தது என்பதில் ஐயமில்லை. ஆயினும், இலக்கண வகுப்பிற் கற்ற வேற்றுமைக்கும் நீதிமன்றிற் கேட்கும் வழக்குக்கும் தொடர்பே இல்லை என்னும் எண்ணமும் அதனோடு வேரூன்றிற்று. அவ்வெண்ணம் பிழை என்பதே நம் கருத்து.

முதலாவதாக, வழக்கு என்பதே இருபொருட் சொல்லாகும். தொல்காப்பியச் சிறப்புப் பாயிரம் வழக்கையும் செய்யுளையும் நூலுக்கு அடிப்படைகளாகக் கூறுகின்றது. ஆண்டு அது மக்களிடை வழங்கிவரும் மொழி. திருக்குறள் உரைப்பாயிரத்திற் பரிமேலழகர் கூறும் வழக்கோ சட்டப் பிணக்கு. ஒரே பொருளை ஒவ்வொருவரும் ‘எனது’ என்று கொண்டு மாறுபடுதலால் அது எழுவது என்பது அவர் விளக்கம். ‘எனது’ என்பது ஆறாம் வேற்றுமை ஏற்ற சொல் அன்றோ? எனவே, வழக்கு என்பதை விளக்கப் புகுந்த உரையாசிரியர் வேற்றுமையின் துணையையே நாட நேர்ந்தது.

ஆறாம் வேற்றுமையின் பொருள் கிழமை, அதாவது உரிமை. ஒருவரது கை என்பது தற்கிழமை. ஒருவரது வீடு என்பது பிறிதின் கிழமை. கையைப் பற்றி எவரும் வழக்காடுவதில்லை. வழக்காடப்படுவது பிறிதின் கிழமையே.

கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூர், அக்கரைப்பற்று முதலிய கரையோர முஸ்லிம் ஊர்களின் பேச்சில் இவ்வேற்றுமை ‘உம்மாட வூடு’, ‘ராத்தாட வூடு’ என ஒலிக்கின்றது. ‘உடைய’ என்னும் சொல்லுருபின் குறுக்கமாகக் கொள்ளத்தக்க இந்த ‘ட’, இங்கு வெறும் உறவுக்குறி அன்று, பெரும்பாலும் உடைமைக்குறியே. தாய்வழிக் குடிமுறை நிலவிய இக்கரையில் மணமகன் மனைவியின் வீட்டிற் குடிபுகுகின்றான். பெற்றோர் மகளின் மணத்தையொட்டி வீடுவளவை அவள் பெயரிலோ, சிலபோது தம்பதியர் இருவர் பெயரிலுமோ உறுதி முடித்துக் கொடுக்கின்றனர். அக்கரைப்பற்றிற் பல்லாண்டு ஆய்வு நடத்திய டெனிஸ் மக்கில்வ்ரே 2008இல் வெளியிட்ட நூலில் இதனை விரிவாக எடுத்துக்காட்டியுள்ளார். உயிலின்றி இறந்த முஸ்லிம்களின் சொத்துக்குரிய 1931ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின் மரபுரிமை விதிகள் இறப்பின் பின்னரே செயற்படுவன. இவ்வீடோ பெற்றோர் வாழுங்காலத்திலேயே கைமாறிவிடுகின்றது. வழக்கம் என்ற பொருளிலான வழக்கு, உறுதி என்னும் பத்திரத்தின் வழியே சட்டத்தின் முன் நின்றது.

2004 டிசம்பர் 26இல் வந்த ஆழிப்பேரலை அம்பாறை மாவட்டத்தில் 10,000க்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டது. வீடுகளோடு உறுதிகளும் அழிந்தன. கிழக்கில் முதலில் 200 மீற்றர் எனப் பின்னொதுக்கப்பட்ட கரையோர வலயத்தினால், பலர் தம் பழைய வளவுகளில் மீளக் கட்ட இயலாது வேறிடங்களிற் குடியேற்றப்பட்டனர். தாய் மகளுக்கு எழுதிய பத்திரத் தொடர் இவ்விடத்தில் அறுந்தது. புதிய நிலத்துக்கும் வீட்டுக்குமான பத்திரத்தை அரசும் உதவி நிறுவனங்களும் புதிதாக எழுதின. அவை வினவியது ‘குடும்பத் தலைவர்’ யார் என்பதனை. பெரும்பாலும் ஆணின் பெயரே அங்கு எழுதப்பட்டது. கூட்டுரிமை வேண்டுமெனப் பெண்கள் அமைப்புகள் குரலெழுப்பின.

இங்கு இலக்கணம் மீண்டும் வந்து நிற்கின்றது. ‘தலைவர்’ என்பது பலர்பால் வடிவம். ஒருவரைக் குறிக்கும்போது மரியாதைப் பன்மை. அது ஆண்பாலையும் பெண்பாலையும் வேறுபடுத்தாது. அவ்வாறாகவும் அலுவலகம் அதனை ஆண்பாலாகவே வாசித்தது. மேலும், ‘இது யாருடைய வீடு?’ என்று கேட்டிருப்பின் விடை ஆறாம் வேற்றுமையில் வந்திருக்கும். ‘ராத்தாட’ என்று ஊரே சொல்லியிருக்கும். ‘தலைவர் யார்?’ என்னும் வினா எழுவாயை மட்டும் கேட்டது, கிழமையைக் கேட்கவில்லை. வினாவின் வேற்றுமை மாறியதும் உரிமையும் மாறிற்று.

இவ்வழக்கத்தைப் பொற்காலமாகப் போற்றுவது நம் நோக்கமன்று. மகளுக்கு வீடு கட்டிக் கொடுத்தல் என்பது பெற்றோரையும் உடன்பிறந்த ஆண்களையும் நெடுங்காலம் உழைப்பிலும் கடனிலும் வைப்பது. சீதனமாகக் கொடுக்க வீடில்லாத ஏழைக் குடும்பத்துப் பெண்ணுக்கு அது மணத்தடையாகவும் ஆகின்றது. உறுதி பெண் பெயரில் இருப்பினும், அதனை ஈடுவைப்பதும் விற்பதும் அவள் விருப்பின்படியே நிகழும் என்பதற்கு உறுதியில்லை. எனினும், மணமுறிவு நேருமிடத்துப் பெண் தெருவில் நிற்காமைக்கு அப்பத்திரமே காப்பாக இருந்தது. குறையுடைய வழக்கமொன்றைச் சீர்திருத்துதல் வேறு. ஒரு படிவத்தின் கட்டத்தினுள் அதனை அறியாமலே அழித்தல் வேறு. முன்னதற்கு மக்களின் ஒப்புதல் வேண்டும். பின்னதற்கு ஒரு மொழிபெயர்ப்பே போதுமானதாயிற்று.

சொல்லாராய்ச்சி உரிமையை மீட்டுத் தராது என்று கூறுவாரும் உளர். அது மெய்யே. சொல்லொற்றுமை சான்றாவணம் ஆகாது. ஆனால் எதை வினவவேண்டும் என்பதை அது காட்டும். ‘கேஸ்’ என்பதற்கு இரு சொற்களை வகுத்த தமிழ்க் கல்வி, அவ்விரண்டும் உரிமை என்னும் ஒரே இடத்திற் சந்திப்பதையும் கற்பித்தல் வேண்டும். சட்டம் பயில்வோர் கிழமைப்பொருளையும், இலக்கணம் பயில்வோர் உறுதிகளின் மொழியையும் பாடமாகக் கொள்ளுதல் நன்று. காணி, வீட்டுப் படிவங்களைத் தமிழாக்குவோர், குடும்பத் தலைவரின் பெயரைக் கேட்குமுன், வீடு எவருடையது என்று கேட்கும் ஒரு வரியைச் சேர்ப்பாராயின், கல்முனைக் கரையின் பேச்சுவழக்கு அதற்குரிய விடையைத் தடையின்றித் தரும் என நம்புகின்றோம்.