டப்பாவில் வாட்ஸ், லேபிளில் ஆம்ப்ஸ்

சின்ன காஞ்சிபுரத்தில் பட்டுச் சேலைக்கு டிசைன் போட்டுத் தரும் கடை ஒன்றின் கம்ப்யூட்டரில் கோர்சேர் சிஎக்ஸ்550 எஸ்எம்பிஎஸ்ஸை (கம்ப்யூட்டருக்குள் மின்சாரம் பிரித்துத் தரும் பெட்டி) மாட்டிப் பார்த்தேன். முந்தியும் பார்டரும் திரையில் கட்டம் கட்டமாக நிரம்பி, பிறகு ஜக்கார்டு அட்டையில் ஓட்டைகளாக மாறும் இடம் அது. கரண்ட் போய் வரும்போதெல்லாம் மெஷின் அணைந்தால் டிசைனரின் பாதி நாள் போச்சு.

கழற்றிய பழசு, கேபினெட்டோடு இலவசமாக வந்தது. டப்பாவில் கொட்டை எழுத்தில் 450 வாட்ஸ். லேபிளில் 12 வோல்ட்டுக்கு நேராகப் பார்த்தால் 14 ஆம்ப்ஸ். பெருக்கினால் 168 வாட்ஸ்தான்! இன்றைய பிராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் பெரும்பாலும் இழுப்பது இந்த 12 வோல்ட்டை. சிஎக்ஸ்550 லேபிளில் 45.8 ஆம்ப்ஸ், கணக்கு ஏறக்குறைய 550-க்கே வந்து சேர்கிறது. பழசின் முதுகில் இருந்த 115/230 சிவப்பு ஸ்விட்ச்சும் இதில் கிடையாது. யாராவது துடைக்கும்போது தட்டிவிட்டு 'டப்' என்று வெடிக்கும் பயம் இல்லை.

மதர்போர்டுக்கான 24 பின்னில் குழப்பமில்லை. குழப்பம் எட்டு பின்னில்தான். பிராசஸருக்குப் போவது 4+4 ஆகப் பிரியும். கிராபிக்ஸ் கார்டுக்கானது 6+2. இரண்டிலும் 12 வோல்ட்டும் கிரவுண்டும் இடம் மாறி இருப்பதால், மாற்றிச் செருகினால் ஷார்ட். பிளாஸ்டிக் துளைகளின் வடிவம் தடுக்கும். அழுத்தியும் போகவில்லையென்றால் கையை எடுத்துவிடுங்கள். இந்தக் கடை மெஷினில் கார்டே இல்லை. கேபிள்களைக் கழற்ற முடியாத மாடல் என்பதால், வேண்டாத ஒயர்கள் அந்தச் சின்ன கேபினெட்டுக்குள் மூட்டையாகக் கிடந்தன. எனக்குப் பிடிக்காத ஒரே விஷயம் அது.

கரண்ட் போனால் தாங்குமா என்று கடையின் யுபிஎஸ் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கிப் பிடுங்கிப் பார்த்தேன். ரீஸ்டார்ட் ஆகவில்லை. வெளியே கரண்ட் அறுந்தாலும் சுமார் 16 மில்லிசெகண்ட் தாக்குப்பிடிக்க வேண்டும் என்கிறது எஸ்எம்பிஎஸ்களுக்கான ஏடிஎக்ஸ் விதி. யுபிஎஸ் பேட்டரிக்கு மாற அந்த அவகாசம் பொதுவாகப் போதும். மீட்டரில் 12 வோல்ட்டும் விதி அனுமதிக்கும் 11.4–12.6 எல்லைக்குள்ளேயே நின்றது.

16 பின் கேட்கும் புதிய கிராபிக்ஸ் கார்டு வாங்கும் எண்ணமிருந்தால் இது வேண்டாம், ஏடிஎக்ஸ் 3.1 மாடலைத் தேடுங்கள். கார்டு இல்லாத டிசைன் மெஷினுக்கோ 550 வாட்ஸே அதிகம். லேபிளில் 12 வோல்ட் கணக்கு ஒத்துவரும் 450 வாட்ஸ் பிரான்ஸ் (Bronze) தர எஸ்எம்பிஎஸ் ஒன்றை வாங்கி, மிச்சக் காசை யுபிஎஸ் பேட்டரிக்குப் போடலாம்.