பகிர்வது வேறு, பூட்டிப் பகிர்வது வேறு

"ஆசிரியர்கள் பாடக் குறிப்புகளை இணையத்தில் இலவசமாகப் பகிர வேண்டும்" என்று சொன்னால் தமிழ்நாட்டு ஆசிரியர் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். "அதைத்தான் தினமும் பண்றோமே" என்பார்கள். உண்மைதான். தேர்வு நெருங்கினால் வாட்ஸ்அப்பிலும் டெலிகிராமிலும் ஒரு மதிப்பெண் வினாக்கள், மாதிரி வினாத்தாள்கள், மெல்லக் கற்போர் கையேடுகள் என்று வந்து கொட்டும். ராத்திரி கண்விழித்துத் தயாரித்ததை ஒரு பைசா வாங்காமல் கொடுக்கிறவர்கள் அவர்கள். அந்த மனசை நான் குறை சொல்லவில்லை. என் விமர்சனம் அந்தக் கோப்புகளைப் பற்றியது.

பத்தாம் வகுப்பு அறிவியலுக்கு அப்படிச் சுற்றும் கோப்புகள் சிலவற்றை இறக்கிப் பார்த்தேன். ஒளியியல் பாடத்தின் லென்ஸ் படம் ஒன்றில் கதிர் எங்கே வளைகிறது என்றே தெரியவில்லை. நடுவில் குறுக்காக ஆசிரியர் பெயரும் கைபேசி எண்ணும் நீர்க்குறியாக ஓடுகின்றன. இன்னொன்று கையெழுத்துத் தாளைப் போட்டோ பிடித்துக் கோத்த பிடிஎஃப். மூன்றாவது பாமினி எழுத்துருவில் தட்டியது. ஒரு வரியை நகலெடுத்து வேறு இடத்தில் ஒட்டினால் ஆங்கில எழுத்துக் கூளமாக வருகிறது. நான்காவதில் நகலெடுக்கவே முடியாதபடி கடவுச்சொல். எல்லாவற்றின் தலையிலும் "அனைவருக்கும் பகிரவும்" என்று மட்டும் தவறாமல் இருக்கிறது!

இதனால் யாருக்கு என்ன நஷ்டம்னு கேட்கலாம். முதல் நஷ்டம் பார்வையற்ற மாணவருக்கு. திரையைப் படித்துச் சொல்லும் மென்பொருள் யூனிகோடு தமிழைப் படிக்கும். போட்டோவை அதனால் நேரடியாகப் படிக்க முடியாது. பாமினியைப் படித்தால் உளறும். வகுப்பில் மற்ற எல்லாருக்கும் கிடைத்த இலவசம் அந்த ஒரு பிள்ளைக்கு மட்டும் கிடைக்கவில்லை. அடுத்த நஷ்டம் இன்னொரு ஆசிரியருக்கு. ஒரு கணக்கில் குறி தப்பாக இருக்கிறது என்று கண்டுபிடித்தாலும் அவரால் திருத்த முடியாது. முழுக்கத் திரும்பத் தட்டச்சு செய்ய வேண்டும், இல்லையென்றால் தப்போடு அடுத்த குழுவுக்கு அனுப்ப வேண்டும். பெரும்பாலும் இரண்டாவதுதான் நடக்கும். ஒரே பாடத்தை ஒவ்வொரு ஊரிலும் ஒருவர் புதிதாகத் தட்டிக்கொண்டிருக்கிறார்.

தமிழ்நாடு அரசு யூனிகோடைத் தரமாக அறிவித்தது 2010-இல். அதற்கும் முன்பே, 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தை எடுத்துக்கொள்வோம். தன்னார்வலர்கள் சேர்ந்து பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து போட்டார்கள். அங்கே நிபந்தனை எளிமையானது: தலைப்புப் பகுதியை நீக்காமல் யாரும் பகிரலாம். தட்டியவர் பெயரும் மெய்ப்புப் பார்த்தவர் பெயரும் அந்தத் தலைப்புப் பகுதியில் இருக்கும். படிக்கிற பக்கத்தின் மேல் யாரும் முத்திரை குத்தவில்லை. பெயரும் நின்றது, நூலும் பரவியது.

"டியூஷன் சென்டர்காரன் எடுத்து அச்சடிச்சு வித்துடறானே, அதுக்குத்தான் நீர்க்குறி" என்கிறார்கள். நியாயமான கோபம். ஆனால் விற்க நினைப்பவன் ஆள் வைத்துத் திரும்பத் தட்டிக்கொள்வான்; நீர்க்குறி அவனைத் தடுக்காது. தடுக்கப்படுவது காசில்லாத பக்கத்து ஊர் ஆசிரியர்தான். இதற்குக் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் 2002-இலிருந்து இருக்கிறது. "என் பெயரைச் சொல்லுங்கள், திருத்திக்கொள்ளுங்கள், விற்காதீர்கள்" என்பதை ஒரே வரியில் சொல்லிவிடலாம். தேதியோடு ஒரு பொதுப் பக்கத்தில் போட்டு வைத்தால், முதலில் எழுதியது யார் என்பதற்கு அதுவே சாட்சி.

"எல்லாத்தையும் கொடுத்துட்டா எங்களுக்கு என்ன மதிப்பு?" என்ற பயமும் சிலருக்கு இருக்கிறது. இதற்கு வரலாற்றில் பதில் உண்டு. 2000-இல் கொலம்பியா பல்கலைக்கழகம் இணையப் பாடங்களை லாபத்துக்கு விற்க ஃபேதம் என்ற நிறுவனத்தைத் தொடங்கியது. 2003-இல் அதை மூடிவிட்டார்கள். எம்.ஐ.டி. 2001-இல் நேரெதிராக, பாடப்பொருளை இலவசமாகத் தருவதாக அறிவித்தது. இன்றைக்கு 2,500-க்கும் மேற்பட்ட பாடங்கள் அங்கே திறந்து கிடக்கின்றன. அதனால் எம்.ஐ.டி.யில் இடம் கிடைப்பது சுலபமாகிவிடவில்லை. குறிப்பு என்பது கற்பித்தல் ஆகாது. பிள்ளையின் முகத்தைப் பார்த்து, "இவனுக்குப் புரியலை" என்று நிறுத்தி வேறு விதமாகச் சொல்வதை எந்தக் கோப்பும் செய்யாது. ஐஐடிகளும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் 2003-இல் தொடங்கிய என்.பி.டி.இ.எல். திட்டத்திலும் காணொளிகள் இலவசம். சான்றிதழ்த் தேர்வுக்குத்தான் கட்டணம்.

ஆனால் "எல்லா ஆசிரியரும் இலவசமாகக் கொடுக்கணும்" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. குறைந்த சம்பளத்துக்குத் தனியார் பள்ளியில் வேலை பார்த்து, மாலையில் டியூஷன் எடுத்துக் குடும்பம் நடத்துகிறவரிடம் போய் "அறிவு பொதுச்சொத்து" என்று வகுப்பெடுப்பது அநியாயம். அவர் விற்றால் விற்கட்டும். கடமை முதலில் யாருக்கு? மக்கள் வரிப்பணத்தில் சம்பளம் வாங்கும் அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி, பல்கலைக்கழக ஆசிரியர்களுக்கு. அவர்களுக்கும் மேலே, அவர்களை வேலைக்கு வைத்திருக்கும் நிர்வாகங்களுக்கு. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவுப்படி, வேலையின் பகுதியாகச் செய்த படைப்புக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதல் உரிமையாளர் வேலை கொடுத்தவரே. வீட்டில் உட்கார்ந்து எழுதிய குறிப்பு இதில் வருமா வராதா என்று ஆசிரியர் குழம்பிக்கொண்டிருக்கத் தேவையில்லாமல், "திறந்த உரிமத்தில் வெளியிடலாம்" என்று நிர்வாகமே ஒரு சுற்றறிக்கை விட்டால் போதும்.

ஆசிரியர்களிடம் நான் கேட்பது அதிகமில்லை. ஏற்கெனவே கொடுத்துக்கொண்டிருப்பதை யூனிகோடில் தட்டுங்கள். பிடிஎஃபோடு திருத்தக்கூடிய மூலக்கோப்பையும் போடுங்கள். பெயரை முதல் பக்கத்தில் பெரிதாகவே போட்டுக்கொள்ளுங்கள், லென்ஸ் படத்தின் மேல் வேண்டாம். உரிமத்தை ஒரு வரியில் எழுதுங்கள். பாதி ராத்திரி வரைக்கும் உட்கார்ந்து செய்த வேலை, அடுத்த வருஷமும் யாருக்காவது பயன்படட்டுமே.