குறி பார்க்கும் கண்ணுக்கு ஒரு கண்ணாடி

நல்ல ஷூட்டிங் கண்ணாடி ஒன்று கைக்கு வந்தால், லென்ஸுக்குப் போவதற்கு முன் காதில் மாட்டும் கம்பியைத்தான் தடவிப் பார்ப்பேன். கம்பி மெலிந்திருக்க வேண்டும். நேராக ஓடி, காதுக்குப் பின்னால் மெல்ல வளைய வேண்டும். ரேஞ்சில் கண்ணாடியும் காதுறையும் சேர்ந்தேதான் தலையில் ஏறுகின்றன. கம்பி தடித்திருந்தால் காதுறையின் மெத்தைக்கும் கன்னத்துக்கும் நடுவே சந்து விழும். அந்தச் சந்து வழியே வெடிச்சத்தம் உள்ளே வரும். பார்வைக்கு எடுப்பாக இருக்கட்டும் என்று பட்டையான பிளாஸ்டிக் தண்டு வைத்த கண்ணாடி, கண்ணைக் காத்துக் காதைக் கெடுக்கும். செய்தவர் அதைப் போட்டுக்கொண்டு சுட்டுப் பார்த்திருக்கிறாரா என்பது இந்த இடத்திலேயே தெரிந்துவிடும்.

இந்தக் கண்ணாடிக்கு இரண்டு வேலை. குறியைத் தெளிவாகக் காட்ட வேண்டும், கண்ணையும் காக்க வேண்டும். இரண்டும் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை என்பதுதான் இதில் உள்ள சிக்கல், எனக்கு இதன் மேல் பிரியம் வந்ததற்குக் காரணமும் அதுதான்.

2024 பாரிஸ் ஒலிம்பிக்கை நினைவிருக்கும். 10 மீட்டர் ஏர் பிஸ்டலில் வெள்ளி வென்ற தென்கொரியாவின் கிம் யே-ஜி, ஒரு கண்ணுக்கு முன்னால் உலோக வளையத்தில் லென்ஸும் மறு கண்ணுக்கு மறைப்புமாக நின்ற படம் உலகமெங்கும் பரவியது. சில நாட்களில் துருக்கியின் யூசுப் டிகேச் வந்தார். வயது 51, ஐந்தாவது ஒலிம்பிக். சாதாரணப் பவர் கண்ணாடி, காதில் சிறிய மஞ்சள் அடைப்பான், ஒரு கை பேண்ட் பாக்கெட்டில். கலப்பு அணிப் பிரிவில் அவருக்கும் வெள்ளி. நம் மனு பாக்கரும் சரப்ஜோத் சிங்கும் வெண்கலம் வென்றது அதே போட்டியில்தான். உடனே ‘அந்தக் கருவியெல்லாம் வெறும் அலங்காரம்’ என்று பலர் முடிவு கட்டிவிட்டார்கள். அதை நான் ஏற்கவில்லை. டிகேச் இரண்டு கண்ணையும் திறந்து வைத்துச் சுடுகிறவர். பல வருஷப் பழக்கத்தில் கண்ணும் கையும் தாமாகவே ஒரு கோட்டில் வந்து நிற்கும். அவருக்குப் பழக்கம் செய்கிற வேலையை மற்றவர்களுக்கு அந்தச் சின்ன வளையம் செய்து தருகிறது.

வளையத்தைக் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். ஜெர்மனியின் க்னோப்லாக், சுவிட்சர்லாந்தின் சாம்பியன் போன்றவர்கள் செய்கிற ஃப்ரேமில் கண்ணாடியே இருக்காது. புருவத்துக்கு மேலே குறுக்காக ஒரு மெல்லிய கம்பி, நடுவில் மூக்குத்தாங்கி, இரு பக்கமும் காதுக் கம்பிகள், அவ்வளவுதான். குறுக்குக் கம்பியில் ஒரு சிறு கவ்வி. அதிலிருந்து தொங்குகிறது வட்டமான லென்ஸ் பிடிப்பான், 23 அல்லது 37 மில்லிமீட்டர் குறுக்களவில். கவ்வியின் திருகைத் தளர்த்தினால் பிடிப்பான் இடம் வலமாக நகரும், மேலும் கீழும் போகும், அச்சில் சுழலும், முன்னும் பின்னும் சாயும். மூக்குத்தாங்கியையும் ஏற்றலாம், இறக்கலாம். திருகை இறுக்கினால் அசையாமல் நிற்கும். நல்ல ஃப்ரேமில் இந்தத் திருகு, விரல் நுனியின் பலத்துக்கே இறுகும். நாள் முழுக்கச் சுட்டாலும் தளராது. இதன் வேலைப்பாட்டை நான் ரசிப்பது இங்கேதான்.

இவ்வளவு அசைவு எதற்கு என்றால், லென்ஸ் தன் நடுப்புள்ளியில் மட்டுமே முழுப் பார்வை தரும். அதுவும் பார்வைக்கோட்டுக்குச் செங்குத்தாக நின்றால்தான். படுத்துக்கொண்டு ரைஃபிள் சுடுகிறவரைக் கவனியுங்கள். தலை முன்னால் கவிந்து, கன்னம் கட்டையில் படிந்து, கண் மேல்நோக்கியும் மூக்குப் பக்கமாகவும் பார்க்கும். வழக்கமான கண்ணாடி போட்டிருந்தால் அந்தப் பார்வை லென்ஸின் மேல் மூலையில் சாய்வாக நுழைந்து போகும். அங்கே பவர் மாறும், வட்டம் முட்டையாகும், குறி கொஞ்சம் இடம் பெயர்ந்தும் தெரியும். தலை ஒரு நூலளவு அசைந்தால் அந்தப் பிழையும் அசையும். ஏர் ரைஃபிளில் பத்துப் புள்ளிக்கான இடம் அரை மில்லிமீட்டர் பொட்டு. அந்தப் பொட்டுக்கு முன்னால் இந்த அசைவு சின்ன விஷயமில்லை. போதாக்குறைக்கு, சர்வதேச விதிப்படி ரைஃபிளின் சைட்டில் லென்ஸ் பொருத்தக் கூடாது. பவர் வேண்டுமென்றால் முகத்தில்தான் ஏற வேண்டும்.

ரேஞ்சில் ஒரு கோச், புதிய ஃப்ரேமோடு வந்த பையனிடம் சொன்னதைப் பக்கத்தில் நின்று கேட்டேன்: “கண்ணாடியை மாட்டிக்கிட்டுப் பொசிஷனுக்கு வராதீங்க தம்பி. பொசிஷனுக்கு வந்துட்டுக் கண்ணாடியைச் சரி பண்ணுங்க.” பையன் கண்ணை மூடி, ரைஃபிளைத் தூக்கி, உடம்பு வசமாக அமர்ந்த பிறகு கண்ணைத் திறந்தான். கோச் லென்ஸைக் கழற்றிவிட்டு வெறும் வளையத்தை மட்டும் அவன் கண்ணுக்கு முன் கொண்டுவந்தார். பின்சைட்டின் துளை வளையத்தின் நடுவில் வந்து உட்காரும்வரை நகர்த்தி, திருகை இறுக்கி, அப்புறம்தான் லென்ஸைப் போட்டார். ஷூட்டிங் கண்ணாடி வாங்குகிற யாரும் இந்த வரிசையை மாற்றக் கூடாது.

பவர் விஷயம் பிஸ்டலில் இன்னும் நுட்பமானது. பிஸ்டல்காரர் பார்க்க வேண்டியது இலக்கை அல்ல, குழல் நுனியில் இருக்கும் முன்குறியை. பின்குறியின் பள்ளத்துக்குள் முன்குறி ஒரு மில்லிமீட்டர் விலகினால், 10 மீட்டர் தள்ளி அது ஏறக்குறைய 30 மில்லிமீட்டர் விலகலாகிறது. ஏர் பிஸ்டலின் பத்தாம் வளையமோ 11.5 மில்லிமீட்டர்தான். அதனால் முன்குறி கூர்மையாகவும் இலக்கு சற்று மங்கலாகவும் தெரிவதே சரி. முன்குறி நிற்பது கை நீளத்தில். தூரத்துக்கான பவரோடு +0.50 அல்லது +0.75 கூட்டினால், கண் தசைக்கு வேலை வைக்காமல் பார்வை அந்த இடத்தில் படியும். இலக்கும் ஒரேயடியாகக் கரைந்துவிடாது. ரைஃபிளில் பின்சைட்டின் துளையே பாதி வேலையைச் செய்துவிடுவதால் இதைவிடக் குறைவாகப் போதும். இருபது வயதுக் கண் இதெல்லாம் இல்லாமலே சமாளிக்கும், அறுபதாவது ஷாட்டில் களைக்கும். நாற்பதைத் தாண்டி வெள்ளெழுத்து வந்தவர்கள் மட்டும் பைஃபோகல், புரோகிரஸிவ் பக்கமே போக வேண்டாம். கிட்டப் பார்க்கிற பகுதி கீழே இருக்கும். முன்குறியைத் தேடி மோவாயைத் தூக்கினால் கழுத்து போகும், நிற்கிற நிலையே போகும்.

கண்ணாடிக் கடைக்குத் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு போக முடியாது. கை நீட்டி நின்று, கண்ணிலிருந்து முன்குறி வரை டேப்பால் அளக்கச் சொல்லி, அந்த அளவை எழுதிக்கொண்டு போங்கள். பரிசோதிப்பவர் அதே தூரத்தில் ஒரு அட்டையைப் பிடித்தால் போதும். இப்படிக் கேட்பவர்கள் குறைவு என்பதால் அவரும் ஆர்வமாகிவிடுவார்.

லென்ஸுக்கு முன்னால் மாட்டுகிற ஐரிஸ், கேமராவில் இருக்கும் அதே சாதனம். மெல்லிய தகடுகள் சுழன்று துளையைச் சிறிதாக்கும், பெரிதாக்கும். துளை சிறுத்தால் தெளிவின் ஆழம் கூடும். முன்குறியும் இலக்கும் ஒருசேரத் துலங்கும். ஆசைப்பட்டு மிகவும் சிறுத்துவிட்டால் வெளிச்சம் செத்துப்போய் விளிம்புகள் கலங்கும். ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேலே நிறுத்துவது நல்லது என்பது என் கட்சி. மறு கண்ணுக்கான மறைப்பு 30 மில்லிமீட்டர் அகலத்தைத் தாண்டக் கூடாது என்பது விதி. கறுப்பு மறைப்பை வாங்காதீர்கள். வெளிச்சம் ஊடுருவுகிற வெள்ளை மறைப்பே மேல். இரண்டு கண்மணிகளும் சேர்ந்தே விரிந்து சுருங்குபவை. ஒன்றை இருட்டில் வைத்தால் குறி பார்க்கிற கண்ணின் பாவையும் விரிந்து தெளிவு குறையும்.

இவ்வளவு புகழ்ந்த இந்த ஃப்ரேம் கண்ணைக் காக்காது. வளையத்தைச் சுற்றி முகமெல்லாம் திறந்துதான் கிடக்கிறது. ஏர் பிஸ்டல் பெல்லட்டின் எடை அரை கிராம், வேகம் நொடிக்கு 150 மீட்டர் அளவில். எஃகுத் தடுப்பில் பட்ட ஈயம் சிதறித் திரும்பலாம். 22 போர் தானியங்கிப் பிஸ்டல் ஒவ்வொரு ஷாட்டுக்கும் சூடான பித்தளை உறையைத் துப்பும். உறை கிழிந்தால் வாயு பின்பக்கம் பீறிடும். ஏர் துப்பாக்கிப் போட்டிக்கு வளைய ஃப்ரேம் சரி. வெடிமருந்து உள்ள துப்பாக்கிக்கு, முகத்தைச் சுற்றி வளைந்து பக்கவாட்டையும் மூடுகிற பாலிகார்பனேட்தான் வேண்டும்.

பாலிகார்பனேட்டை 1953இல் பேயர் நிறுவனத்தின் ஹெர்மன் ஷ்னெல் கண்டுபிடித்தார். ஏறக்குறைய அதே நேரத்தில் அமெரிக்காவில் டேனியல் ஃபாக்ஸும் தனியாக அதை எட்டினார். அடி பட்டால் இது உடைந்து சிதறாது, குழிந்து வாங்கிக்கொள்ளும். நிறமே இல்லாமல் இருந்தாலும் புற ஊதாக் கதிரைத் தடுக்கும். குறையும் உண்டு: நிறம் பிரியாமல் காட்டும் திறனைக் குறிக்கும் அப்பே எண் இதற்கு 30 மட்டுமே. வழக்கமான பிளாஸ்டிக் லென்ஸான சிஆர்-39க்கு 58. ஓரத்தில் பார்த்தால் வெள்ளை விளிம்பில் நீலமும் மஞ்சளும் கசியும். 2001இல் வந்த டிரைவெக்ஸ் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது, அடியையும் தாங்குகிறது. பவர் போட்டுக் காப்புக் கண்ணாடி செய்பவர்களுக்கு நான் சொல்வது அதைத்தான்.

வாங்கும்போது லென்ஸ் மூலையிலும் கம்பியின் உள்பக்கத்திலும் ‘இசட்87+’ என்ற முத்திரையைத் தேடுங்கள். அமெரிக்கத் தரம் அது. 6.35 மில்லிமீட்டர் எஃகுக் குண்டை நொடிக்கு 150 அடி வேகத்தில் அடித்தும் தாங்கியது என்று பொருள். பிளஸ் இல்லாத வெறும் இசட்87 ரேஞ்சுக்குப் போதாது. ஐரோப்பியத் தரத்தில் ‘எஃப்’ என்றால் 45 மீட்டர் வேகம், ‘பி’ என்றால் 120. அமெரிக்க ராணுவத் தரமோ 0.15 அங்குலக் குண்டை 640 முதல் 660 அடி வேகத்தில் அடித்துப் பார்க்கிறது. பெட்டியில் ‘ஷூட்டிங்’ என்று அச்சடித்திருப்பதை நம்ப வேண்டாம்.

டிராப், ஸ்கீட் ஆட்டங்களில் கதையே வேறு. புதுக்கோட்டையின் பிருத்விராஜ் தொண்டைமான் பாரிஸில் நம் நாட்டுக்காக டிராப் சுட்டாரே, அந்த ஆட்டம். 110 மில்லிமீட்டர் களிமண் தட்டு, எந்தப் பக்கம் பாயும் என்று தெரியாது. பார்த்துச் சுட ஒரு நொடிகூடக் கிடைக்காது. இங்கே இரண்டு கண்ணும் திறந்திருக்க வேண்டும், வளையத்துக்கும் மறைப்புக்கும் வேலை குறைவு. ஸ்கீட்டின் எட்டாம் நிலையில் தட்டு தலைக்கு மேலே வரும். உடைந்த துண்டுகள் சுட்டவர் மேலேயே விழும். கன்னம் கட்டையில் படிந்திருப்பதால் பார்வை மேல் ஓரத்தில்தான் போகும், ஆகவே லென்ஸ் புருவத்தைத் தாண்டி உயர்ந்திருக்க வேண்டும்.

நிறம்தான் இந்த ஆட்டத்தின் ருசி. மஞ்சள் லென்ஸ் நீல ஒளியை வெட்டும். காற்றில் அதிகம் சிதறி மூட்டமாகத் தெரிவது நீலம். அது போனதும் மப்பு நாளிலும் தட்டின் விளிம்பு எழுந்து நிற்கும். பின்னால் பச்சை மரங்கள் இருந்தால் ஊதாவும் ரோஸும் கலந்த லென்ஸ் பச்சையை அமுக்கி ஆரஞ்சுத் தட்டை மட்டும் கொளுத்திக் காட்டும். இது புதிய யோசனையல்ல. நியூயார்க் மாநிலத்து ராசெஸ்டரில் பாஷ் அண்ட் லோம்ப் நிறுவனம் 1938இல் ரே-பான் ஷூட்டரைச் செய்தபோதே வெளிர்மஞ்சள் காலிக்ரோம் லென்ஸைத் தந்தது. அதன் மூக்குப்பாலத்தில் ஒரு வளையம் உண்டு, சுடும்போது கை காலியாக இருக்க சிகரெட்டைச் செருகிக்கொள்வதற்காம். அந்த நாள் உலோக வேலைப்பாட்டை இன்றைக்கும் வியந்து பார்க்கலாம். சுடுவதற்கு மட்டும் இன்றைய பாலிகார்பனேட்டையே போடுங்கள். முதல் முறை வாங்குபவர் ஆறு நிறம் கொண்ட பெட்டிக்குப் பணம் கொட்ட வேண்டியதில்லை. நிறமற்றது ஒன்று, மஞ்சள் ஒன்று, வெயிலுக்கு ஒன்று போதும்.

நம் கடலோர ஊர்களின் புழுக்கத்தில் இறுகப் பொருந்தும் கண்ணாடி ஆவி பிடிக்கும். புருவத்தருகே இடைவெளி விட்டால் ஆவி போகும், ஆனால் சூடான உறை அந்த இடைவெளியில் வந்து சிக்கும். ஆவி தடுக்கும் பூச்சுள்ள லென்ஸும், முன்விளிம்பு நீண்ட தொப்பியும் இதற்கு வழி. லென்ஸைச் சட்டை நுனியால் துடைக்காதீர்கள். பாலிகார்பனேட் மென்மையானது, தூசியோடு தேய்த்தால் கீறும். தண்ணீரில் அலசிவிட்டுத் துடையுங்கள். துப்பாக்கி துடைக்கிற கரைப்பானும் அசிட்டோனும் பட்டால் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விடும், அப்புறம் முத்திரை இருந்தும் பயனில்லை. ஆழக் கீறியதையும் ஒரு முறை பலமாக அடி வாங்கியதையும் தூக்கிப் போட்டுவிட வேண்டும்.

வளைய ஃப்ரேமுக்கு அவசரமில்லை. நிலை படிந்து, எந்தக் கண் ஆதிக்கக் கண் என்று தெரிந்து, பவர் உறுதியான பிறகு அதை வாங்கலாம். இசட்87+ முத்திரையுள்ள நிறமற்ற கண்ணாடி சில நூறு ரூபாய்க்கே கிடைக்கிறது. பிள்ளையை ரேஞ்சில் சேர்க்கிற பெற்றோர் முதல் நாளே அதை வாங்கிவிடுங்கள். சுடுபவர்கள் கண்ணுக்குக் காப்பு போடும்படி சர்வதேச விதிப்புத்தகமே வலியுறுத்துகிறது, சுடுகோட்டருகே நிற்கிறவர்களுக்கும் அது தேவைதான். பக்கத்தில் நிற்கப்போகிற உங்களுக்கும் சேர்த்து இரண்டாக வாங்குங்கள்.